தோட்டத்தை விட்டு வந்து தோட்டக்கலையா?



உங்கள் வீட்டில் ஆறாம் படிவம் முடித்த பிள்ளை இருந்தால், எந்தப் பல்கலைக்கழகம், என்ன படிப்பு என்கிற பேச்சு உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். எங்கள் வீட்டில் அது 2017-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நடந்தது. பேச்சு என்றா எழுதினேன்? சண்டை என்றே எழுதியிருக்க வேண்டும்.

எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவு வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. என் மகளுக்கு நல்ல புள்ளிகள்தாம். மருத்துவத்துக்கு எட்டாது, மற்றவற்றுக்குக் குறைவில்லை. கிள்ளானில் இருக்கும் என் அண்ணன் ஒரு பெட்டி ஜிலேபியோடு வந்து உட்கார்ந்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக மேசை போட்டு உட்கார்ந்து சம்பளம் வாங்கியவர் அவர். ஆகவே படிப்பு விஷயத்தில் அவர் சொன்னால் எங்களுக்கு மறுபேச்சு இல்லை.

"கணக்கியல் எடும்மா. எங்க போனாலும் வேலை கிடைக்கும். வெயில் படாத வேலை" என்றார்.

"இல்ல மாமா, நான் தோட்டக்கலை படிக்கலாம்னு இருக்கேன்" என்றாள் மகள்.

அண்ணன் கையில் இருந்த ஜிலேபியைத் தட்டில் வைத்துவிட்டார். "என்னது? தோட்டத்தை விட்டு வந்து இருபது வருஷமாச்சு. மறுபடியும் தோட்டக்கலையா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. தமிழ்நாட்டில் உள்ளவருக்குத் தோட்டம் என்றால் வீட்டுக்குப் பின்னால் கத்தரியும் அவரையும் காய்க்கிற இடமாக இருக்கலாம். நமக்கு அப்படியா? நமக்குத் தோட்டம் என்றால் லயம், விடியுமுன் பெரட்டு, கித்தாக் காடு, கொசுக்கடி, ஆயாக் கொட்டகையில் அழுகிற பிள்ளை, கிராணி முன்னால் கைகட்டி நிற்பது. அந்தச் சொல்லைக் காதில் வாங்கியதுமே எனக்கு வயிற்றைப் புரட்டியது. நானும் என் பங்குக்குச் சொன்னேன்.

"பதினாறு வயசுல பால்வாளி தூக்கினவ நான். உன்னையும் மண்ணுல இறக்கவா இத்தனை வருஷம் படிக்க வச்சேன்?"

மகள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மாமா குடித்த கோப்பையை எடுத்துப் போய்க் கழுவி வைத்தாள். அன்றிரவு அண்ணனே கணினியைத் திறந்தார். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு நாம் தனித்தனியாக விண்ணப்பிப்பதில்லை, யு.பி.யு. என்னும் ஒரே இடத்தில், நமக்கு வேண்டிய படிப்புகளை வரிசைப்படுத்திக் கொடுக்கிறோம். முதலிடத்தில் கணக்கியல், அடுத்தது வங்கித் துறை, அதற்கடுத்தது வணிக நிர்வாகம் என்று அண்ணன் வரிசையாகப் போட்டார். அவள் மனம் கோணக்கூடாது என்று கடைசியில் தோட்டக்கலையையும் சேர்த்தார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். இதை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை.

மறுநாள் பிற்பகல் என் அப்பா அவளை அழைத்தார். அவருக்கு அப்போது 79 வயது. கார் நிறுத்தும் இடத்தில் ஒரு சாய்வு நாற்காலி போட்டு அதில்தான் பகல் முழுவதும் இருப்பார்.

"அந்தப் படிப்புல என்னதான் தாயி சொல்லிக் குடுக்கிறாங்க?"

"பழமரம், காய்கறி, பூச்செடி எல்லாந்தான் தாத்தா. மண்ணு, உரம், பூச்சி. எப்படி ஒட்டுக் கட்டுறது..."

"ஒட்டா? கண்ணு வச்சுக் கட்டுவாங்களே, அதுவா?"

ஆமாம் என்றாள். அப்பா எழுந்து உள்ளே போனார். அவருடைய தகரப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பழைய துணியில் சுற்றிய ஒரு சிறு கத்தியோடு திரும்பி வந்தார்.

அப்பா அந்தக் காலத்தில் கித்தா நர்சரியில் ஒட்டுக் கட்டியவர். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்கிற இன மரம் தோட்டந்தோறும் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. விதையில் முளைத்த கன்றின் அடித்தண்டில், சன்னல் மாதிரி இரண்டு கீறல் போடுவார்கள். பால் வடிந்து காய்ந்ததும் துடைத்துவிட்டுப் பட்டையை மெல்லத் தூக்குவார்கள். நல்ல இன மரத்தின் கிளையிலிருந்து ஒரு கண்ணைப் பட்டையோடு சீவி எடுத்து, உள்பக்கம் கை படாமல் அந்தச் சன்னலுக்குள் வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்து நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்பார்கள். பச்சையாக இருந்தால் கண் பிடித்தது, கறுத்திருந்தால் செத்தது. பிடித்த கண்ணுக்குத்தான் காசு. செத்த கண்ணுக்குச் சல்லி கிடையாது.

அப்பா இதையெல்லாம் கையில் கத்தியை வைத்துக்கொண்டு காற்றிலேயே செய்து காட்டினார். "இதுக்கா தாயி பட்டம் குடுக்கிறாங்க? அப்படின்னா நான் எத்தனை பட்டம் வாங்கியிருக்கணும்!" என்று சிரித்தார். பேத்தியும் சிரித்தாள். பிறகு அவள் கேட்டாள்: "ஏன் தாத்தா சில கண்ணு மட்டும் செத்துப்போகுது?"

அப்பா யோசித்தார். "அது யாருக்குத் தெரியும்? கங்காணி கையில ராசியில்லம்பான். கூலியைக் கழிப்பான்."

அடுப்படியில் நின்றிருந்த எனக்கு அந்தப் பதில்தான் உறைத்தது. என் அப்பா ஆயிரமாயிரம் மரத்துக்குக் கண் வைத்தார். ஒரு கண் ஏன் செத்தது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லத் தேவையுமில்லை என்று நினைத்தார்கள். நாங்கள் வெறுத்தது மண்ணையா, அல்லது அந்த மண்ணில் எங்களை நிறுத்தி வைத்த இடத்தையா என்று அன்றுவரை நான் பிரித்துப் பார்த்ததில்லை.

தேர்வுகளை மாற்றிக்கொள்ள அவகாசம் இருந்தது. மகளிடம் சொன்னேன்: "சரி, முதலிடத்துல போட்டுக்கோ. ஆனா நீ படிக்கப்போற இடத்தை நான் கண்ணால பார்க்கணும்."

பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்க்கிறோம். ஆடு வாங்கினால்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். பிள்ளையை நான்கு வருஷம் விடுகிற இடத்தை மட்டும் பெயரைக் கேட்டே முடிவு செய்கிறோமே! அதிலும் இது செடி கொடிப் படிப்பு. கட்டடத்தைப் பார்த்தால் போதாது, நிலத்தைப் பார்க்க வேண்டும்.

முதலில் பார்த்தது ஒரு தனியார் கல்லூரியை. பெயர் வேண்டாம். அவர்களுடைய ஆள் ஒருவர் எங்கள் தாமானுக்கே வந்து வழவழப்பான புத்தகம் கொடுத்திருந்தார். அட்டையில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் பூச்செடிக்கு நடுவில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் மூன்று மாடிக் கடைவீடு. கீழே சாப்பாட்டுக்கடை. "செடியெல்லாம் எங்கேங்க?" என்று கேட்டேன். மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார்கள். பன்னிரண்டு பூந்தொட்டி இருந்தது. எண்ணிப் பார்த்தேன். அதில் மூன்றில் செடி இல்லை.

அடுத்த வாரம் செர்டாங் போனோம். இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நம் நாட்டில் விவசாயப் படிப்பின் தாய்வீடு அதுதான். 1931-இல் வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு விவசாயப் பள்ளியாகத் தொடங்கியது. 1947-இல் கல்லூரி ஆயிற்று. 1971-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் விவசாயப் பிரிவும் இதனோடு சேர்ந்து மலேசிய விவசாயப் பல்கலைக்கழகம் உருவானது. 1997-இல்தான் புத்ரா பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. நம் பெரியவர்கள் இன்னும் 'பெர்த்தானியான்' என்றே சொல்வார்கள். பெயரில் விவசாயம் போனாலும் நிலம் போகவில்லை. அதே செர்டாங்கில்தான் 1969-இல் அமைக்கப்பட்ட மார்டி ஆராய்ச்சிக் கழகமும் இருக்கிறது. பயிர் ஆராய்ச்சி செய்கிறவர்கள் பக்கத்திலேயே இருப்பது படிக்கிற பிள்ளைக்கு ஒரு பலம்.

எங்களைச் சுற்றிக் காட்டியவர் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்து படிக்கும் ஒரு தம்பி. "இப்ப லாடாங் பத்துக்குப் போறோம், அப்புறம் லாடாங் பதினஞ்சு" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பல்கலைக்கழகத்துக்குள்ளேயும் லாடாங்கா! என் வீட்டுக்காரர், "உன் மகள் உன்னை விடமாட்டேங்கிறா" என்றார்.

அந்த லாடாங்கில் நிழல்வலைக் கூடங்கள் இருந்தன. பாத்தி பாத்தியாகக் கீரையும் மிளகாயும் நின்றன. ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு குச்சியில் மாணவர் எண் எழுதிக் கட்டியிருந்தது. விதை போடுவது முதல் அறுத்து விற்பது வரை அந்தப் பாத்திக்கு அந்த மாணவரே பொறுப்பு என்றார் தம்பி.

அங்கே வேலையில் இருந்த ஒரு மலாய்க்கார அம்மாவிடம் எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன்: "செடி செத்துப்போனால் என்ன செய்வீர்கள்? புள்ளியைக் கழிப்பீர்களா?" அவர் சொன்னார்: "ஏன் செத்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சரியாக எழுதினால் அதற்கும் புள்ளி உண்டு."

வீட்டுக்கு வந்து இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அங்கேயே போகட்டும்" என்றார்.

அதற்காக, செர்டாங் ஒன்றுதான் வழி என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாப் பிள்ளைக்கும் அங்கே இடம் கிடைத்துவிடாது. நாங்கள் விசாரித்தபோது, சபா பல்கலைக்கழகத்தின் சண்டாக்கான் வளாகத்தில் தோட்டக்கலையையும் நிலவனப்பையும் சேர்த்துக் கற்பித்தார்கள். மரம் செடி நிறைந்த இடம். விமானம் ஏறிப் போக வேண்டும் என்பதுதான் குறை. தீபாவளிக்கு வந்து போகிற டிக்கெட் காசையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். கிளந்தானில் ஜெலி, திரங்கானுவில் பெசுட் ஆகிய இடங்களிலும் விவசாயம் சார்ந்த படிப்புகள் உண்டு. எஸ்.பி.எம். முடித்த கையோடு போக நினைக்கும் பிள்ளைகளுக்கு டிப்ளோமா வழியும் இருக்கிறது. டிப்ளோமாவில் நன்றாகச் செய்து பிறகு பட்டப்படிப்புக்கு ஏறியவர்களும் இருக்கிறார்கள். மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தோட்டத் தொழில் படிப்பு பெயர்பெற்றது. ஆனால் அது பூமிபுத்ராக்களுக்கு மட்டுமே என்பதால் அந்தக் கதவை நாம் தட்டிப் பயனில்லை.

உறவினர் ஒருவர் கோயம்புத்தூருக்கு அனுப்பச் சொன்னார். அங்குள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் 1971-இல் உருவானதுதான். தோட்டக்கலைக்கென்றே தனிக் கல்லூரி வைத்திருக்கிறார்கள். நல்ல இடம், சந்தேகமில்லை. ஊர்ப் பாசத்தில் எனக்கும் சற்று ஆசை வந்தது. மகள்தான் கேட்டாள்: "அம்மா, நான் வேலை செய்யப்போறது எந்த ஊர்ல?" மாவும் மல்லிகையும் மஞ்சளும் விளைகிற ஊருக்கு அந்தப் படிப்பு. இங்கே அவள் கையாளப்போவது டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன். வருஷம் முழுக்க மழை, அதனால் வரும் பூஞ்சை நோய்கள். கணக்குப் படிப்பு எந்த ஊரிலும் ஒன்றுதான். செடிக்கு அப்படியில்லை. வெளிநாட்டுப் பட்டம் என்றால், அதை இங்கே அங்கீகரிக்கிறார்களா என்று பணம் கட்டுவதற்கு முன்பே எம்.கியூ.ஏ.விடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வேண்டும். ஏஜெண்டு சொல்வதைக் கேட்டுக் கட்டிவிடாதீர்கள்.

நாங்கள் தடுமாறிய இன்னோர் இடமும் உண்டு. செர்டாங்கில் விவசாய அறிவியல் என்று ஒரு பட்டம், தோட்டக்கலை அறிவியல் என்று வேறொரு பட்டம். இரண்டும் ஒரே பிரிவில், ஒரே மாதிரி நான்கு வருஷம். எதைப் போடுவது? சுங்கை சிப்புட் தம்பி விளக்கினார். விவசாய அறிவியல் அகலமானது: மண், செம்பனை, கித்தா, நெல், பூச்சி, நோய் எல்லாம் அதில் வரும். தோட்டக்கலை என்பது பழம், காய்கறி, மலர், அழகுச்செடி ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஆழமாகப் போவது. பறித்த பிறகு பழம் கெடாமல் காக்கிற முறையும் அதில் முக்கியம். செம்பனைத் தோட்டத்தில் உதவி நிர்வாகியாகப் போக ஆசைப்படும் பிள்ளை விவசாயத்தை எடுக்கலாம். நம் பிள்ளைகள் சின்னத் துரையாகத் தோட்டத்துக்குத் திரும்புவதைப் பார்க்க எனக்கும் ஆசைதான்! ஆனால் என் மகளுக்குச் செம்பனையைப் பிடிக்காது. அவளுக்குப் பழமரம்தான்.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று. நான்காம் படிவத்தில் பாடம் எடுக்கும்போதே பாதிக் கதவு அடைபட்டுவிடுகிறது. உயிரியலும் வேதியியலும் இல்லாமல் பின்னால் இந்தத் துறைக்கு ஆசைப்பட்டு அழுவதில் பயனில்லை. மலாய் மொழியில் நல்ல தேர்ச்சியும் மூயட் ஆங்கிலத் தேர்வும் வேண்டும். இடம் கொடுக்கும்போது நூற்றுக்குத் தொண்ணூறு புள்ளி பரீட்சைக்கு, பத்துப் புள்ளி புறப்பாட நடவடிக்கைக்கு. "பள்ளி முடிஞ்சா நேரா வீட்டுக்கு வா" என்று கட்டுப்படுத்தி வளர்க்கிற தாய்மார்களில் நானும் ஒருத்தி. அந்தப் பத்துப் புள்ளியில் என் மகள் இழந்தது என்னால்தான்.

செலவைச் சொல்லாமல் விடக்கூடாது. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசாங்கமே தாங்குகிறது. மீதிக்கு பி.தி.பி.தி.என். கடன் எடுத்தோம். கடன் கடன்தான், படித்து முடித்ததும் கட்ட வேண்டும். செர்டாங்கில் விடுதி கிடைத்தது, பெண்பிள்ளை என்ற கவலை பாதி குறைந்தது. மீதிப் பாதி எந்தத் தாய்க்கும் குறையாது.

செப்டம்பரில் போய்ச் சேர்ந்தாள். பெட்டிக்குள் தாத்தாவின் கத்தியும் போயிற்று.

முதல் வருஷம் வேதியியலில் திணறினாள். இரவில் தொலைபேசியில் அழுவாள். செடி வளர்ப்பது சுலபம் என்று எண்ணிப் போகிற பிள்ளைகள் முதல் பருவத்திலேயே அடி வாங்குகிறார்கள் என்று அவளே பிறகு சொன்னாள். அது அறிவியல் படிப்பு; பாதி நேரம் சோதனைக்கூடம்.

மூன்றாம் வருஷத்தில் ஓரிரவு அழைத்தாள். அழவில்லை. "அம்மா, நீங்க தோட்டத்துல மருந்து அடிச்சீங்களே, அது என்ன நிறத்துல இருந்துச்சு?"

கித்தாவை வெட்டிச் செம்பனை போட்ட பிறகு, பதினொரு வருஷம் முதுகில் தோம்பு சுமந்து புல்லுக்கு மருந்து அடித்தவள் நான். "நீலமும் பச்சையுமா இருக்கும்" என்றேன்.

"உங்க நகம் கறுத்து உரிஞ்சுச்சுன்னு சொன்னீங்களே. மூக்குல ரத்தம் வருமே."

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

அதன் பெயர் பாராகுவாட் என்றாள். பட்ட இடத்துப் பச்சையை வெயிலில் கருக்கும். வாய்க்குள் போனால் முறிவு மருந்து கிடையாது. 2020 சனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள் என்றாள். அன்று எங்களுக்குக் கையுறை கொடுத்தார்களா என்று கேட்டாள். ஒருமுறை கொடுத்தார்கள், கிழிந்த பிறகு கேட்கப் பயந்து பழந்துணியைச் சுற்றிக்கொண்டோம். நகம் கறுத்ததை மருதாணிக் கறை என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லியிருக்கிறேன். எதைச் சுமந்தேன் என்று எனக்குத் தெரிய, என் மகள் பல்கலைக்கழகம் போக வேண்டியிருந்தது.

அதே வருஷம் மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஏப்ரல் கடைசியில்தான் பிள்ளைகளை விடுதியிலிருந்து வீட்டுக்கு விட ஆரம்பித்தார்கள். வந்தவள் பாடத்தைத் தொலைபேசியில் கேட்டாள். செய்முறைப் பயிற்சிக்கு என்ன செய்வது? கறுப்பு நெகிழிப் பைகளில் மண் நிரப்பி, வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அடுக்கினாள். வெண்டி, மிளகாய், கங்கோங். வாரந்தோறும் அளந்து படமெடுத்து அனுப்பினாள். நேரில் செய்வதற்கு அது ஈடாகாது. அந்த வருஷத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தக் குறை உண்டு.

நாங்கள் வளர்த்து வைத்திருந்த ரம்புத்தான் கன்றுகள் இருபது இருந்தன. அதில் தாத்தாவும் பேத்தியும் ஆளுக்குப் பத்தாகக் கண் வைத்தார்கள். 82 வயதில் அப்பாவுக்குக் கை நடுங்கும். ஆனால் கத்தியைப் பிடித்தால் நடுக்கம் நின்றுவிடும். "தாத்தா, நீங்க செய்யிறதுக்கு ஒரு பேர் இருக்கு. மாற்றியமைச்ச ஃபோர்க்கர்ட் முறை" என்றாள் அவள். அப்பா அந்தப் பெயரை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். "எங்க கங்காணி பேரு மாதிரி இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மூன்று வாரம் கழித்துக் கட்டு அவிழ்த்தார்கள். அப்பா வைத்ததில் எட்டுப் பச்சை. அவள் வைத்ததில் மூன்று. செத்த ஏழுக்கும் அவள் காரணம் எழுதினாள்: கண்ணின் உள்பக்கம் கை பட்டது, கட்டு தளர்ந்து மழைநீர் இறங்கியது, தாய்க்கிளை முற்றியிருந்தது. அப்பாவின் இரண்டுக்கும் அவரை உட்கார வைத்துக் காரணம் கேட்டு எழுதினாள். அவர் கூச்சத்தோடு பதில் சொன்னார்.

2021-இல் படிப்பு முடிந்தது. உடனே வேலை கிடைத்துவிட்டது என்று எழுதினால் அது பொய். ஏழு மாதம் வீட்டில் இருந்தாள். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாமலே பார்த்தார். பிறகு ரவூப் பக்கம் ஒரு பழமரக் கன்றுப் பண்ணையில் சேர்ந்தாள். முசாங் கிங் என்று ஊரெல்லாம் பறக்கிறார்களே, 1993-இல் டி197 என்று பதிவான அந்த டுரியான் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டும் பிரிவு அவள் பொறுப்பில் இருக்கிறது. தொடக்கச் சம்பளம், கணக்கியல் படித்த அண்ணன் மகன் வாங்குவதைவிடக் குறைவுதான். வெயிலும் உண்டு, சேறும் உண்டு. அவளிடம் வேலை செய்பவர்களுக்குச் செத்த கன்றுக்காகக் கூலி கழிப்பதில்லை என்று சொன்னாள். எழுதச் சொல்கிறாளாம்.

அண்ணன் வீட்டுத் தொட்டியில் ஓர் எலுமிச்சை நிற்கிறது. இலை சுருண்டு வெள்ளைக் கோடு விழுகிறது என்று போன மாதம் அவளை அழைத்துக் கேட்டார். இலைக்குள் குடைகிற புழு என்று சொல்லி வழியும் சொன்னாளாம். ஜிலேபிப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.

எங்கள் வரிசையில் நான்காவது வீட்டுப் பையன் இந்த வருஷம் ஆறாம் படிவம் முடித்திருக்கிறான். அவனும் விவசாயம் கேட்கிறான். அவன் அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். "எந்த யுனிவர்சிட்டி அக்கா பேர் போனது?" என்று கேட்டாள். செர்டாங்குக்கு முன்கூட்டித் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, மகனோடு நீயும் போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன். சனிக்கிழமை போகிறார்கள். மழைக்காலம், லாடாங் சேறாக இருக்கும். பழைய சப்பாத்தைப் போட்டுப் போகச் சொன்னேன்.